படபடப்புக்கு என்ன கொடுத்தோம்

புரோமைடு மிக்சர் உப்புக் கரிக்கும். கரிப்பை மறைக்க ஆரஞ்சு சிரப் விடுவோம். அப்படியும் முழுசாக மறையாது. 1967-ல் கும்பகோணம் பெரிய தெருவில், ஒரு எல்.எம்.பி. டாக்டரின் டிஸ்பென்சரியில் எடுபிடிப் பையனாக நான் சேர்ந்தபோது, அலமாரியின் நடுத்தட்டில் அதற்கென்றே ஒரு பெரிய ஜாடி இருந்தது. மருந்து கலக்குவது கம்பவுண்டர் மாமாவின் வேலை. பாட்டிலுக்குக் காகிதம் வெட்டுவது என் வேலை. வெள்ளைத் தாளை நீளவாக்கில் கீறி, மடித்து, ஓரத்தைக் கத்திரியால் சாய்வாக நறுக்கிப் பிரித்தால் ஆறு பல் வரிசையாக நிற்கும். மைதாப் பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவோம். ஒரு பல் இறங்கினால் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவர்களும் அளவு தப்பாமல் குடித்துவிடுவார்கள். பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். எண்ணெய்ப் பாட்டிலை அலசாமல் நீட்டுபவர்களை மாமா வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

அந்த மிக்சரில் பாதி வலிப்புக்காரர்களுக்குப் போகும். மீதிப் பாதி வேறொரு கூட்டத்துக்கு. அவர்களுக்குக் காய்ச்சல் இருக்காது, இருமல் இருக்காது. நாடி மட்டும் கன்னாபின்னாவென்று ஓடும். “நெஞ்சு திக்கு திக்குனு அடிச்சுக்குது டாக்டரே”, “கையும் காலும் வெலவெலத்துப் போகுது”, “மூச்சு முட்டி, இதோ செத்தோம்னே நெனச்சேன்” என்பார்கள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முன்னும் பின்னும் வைத்துப் பார்ப்பார். “இருதயத்துல ஒண்ணும் இல்ல, நரம்புதான்” என்று சொல்லிவிட்டுச் சீட்டில் ‘பாட். புரோம்.’ என்று கிறுக்குவார். மாமாவின் பாஷையில் அவர்கள் எல்லாரும் ‘நரம்பு கேஸ்’.

இன்றைக்கு இதைப் பதற்றக் கோளாறு என்கிறார்கள். மாதக்கணக்கில் ஓயாத கவலையாக வருவது ஒன்று. திடீரென்று கிளம்பிச் சில நிமிஷங்களில் உச்சத்துக்கு ஏறும் பீதித் தாக்குதல் ஒன்று. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கவிடாத அச்சம், பஸ், லிஃப்ட், நாய் என்று எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் பயம் என்று வகை பிரித்துவிட்டார்கள். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஜாடி.

கவுண்டருக்குப் பின்னால் ஆயுசைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். படபடப்புக்காரருக்கு உடனே கேட்கிற மருந்துதான் வேண்டும். உடனே கேட்கிற மருந்துதான் ஆளை லேசில் விடுவதும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு புது மருந்து, ‘பழையது மாதிரி இது பழக்கமாகாது’ என்ற வாக்குறுதியோடுதான் கடைக்குள் நுழைந்திருக்கிறது.

புரோமின் என்ற தனிமத்தைப் பிரான்சில் அந்துவான் பலார் கடல் உப்பிலிருந்து பிரித்தது 1826-ல். 1857-ல் விக்டோரியா மகாராணியின் பிரசவ மருத்துவர் சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் கட்டுப்படுத்துகிறது என்று லண்டனில் சொன்னார். வலிப்பை அடக்குகிற மருந்து மனதையும் அடக்கும் என்று அடுத்த சில வருஷங்களில் கண்டுகொண்டார்கள். அப்புறம் ஐரோப்பாவின் மனநல விடுதிகளில் அது டன் கணக்கில் செலவானது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. புரோமைடு உடம்பைவிட்டுப் பாதி வெளியேறவே 12 நாள் போல ஆகும். தினமும் மூன்று வேளை குடித்தால் சேர்ந்துகொண்டே போகும். முகத்தில் பரு, நாக்குக் குழறல், தள்ளாட்டம், கடைசியில் புத்தித் தடுமாற்றம். சிறுநீரகத்துக்குப் புரோமைடும் சாப்பாட்டு உப்பும் ஏறக்குறைய ஒன்றுதான். உப்புக் குறைந்தால் புரோமைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே உப்பில்லாப் பத்தியம் இருப்பவர்களுக்கு இந்த விஷம் இன்னும் வேகமாக ஏறும். நம் ஊரில் எந்த வியாதி வந்தாலும் முதலில் உப்பைத்தானே நிறுத்துகிறோம்! அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டால் அதற்கு வைத்தியம் நிறைய உப்பும் தண்ணீரும். மாமாவுக்கு இந்த ரசாயனம் எதுவும் தெரியாது. ஆனால் யாருக்காவது நாக்குக் குழறினால் மிக்சரை நிறுத்திவிட்டு ‘நல்லா உப்புப் போட்ட மோர் குடிங்க’ என்பார். அவருடைய குருநாதர் சொன்னதாம்.

டிஸ்பென்சரிக்கு வருமுன் அநேகம் பேர் வேறு இடங்களுக்குப் போய் வந்திருப்பார்கள். ‘பயந்த கோளாறு’ என்றால் முதலில் மாரியம்மன் கோயிலில் வேப்பிலை, விபூதி. அடுத்து பள்ளிவாசல். சாயங்காலம் மக்ரிப் தொழுகை முடிகிற நேரத்தில் வாசலில் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர்ச் செம்பு. பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இருக்கும். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து குழந்தையின் முகத்திலும் செம்பிலும் ஊதிவிட்டுப் போவார்கள். யாரும் காசு வாங்குவதில்லை. பெரியவர்களும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். இதை மூடநம்பிக்கை என்று எங்கள் டாக்டர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. பயந்தவரை நாலு பேர் நின்று கவனித்து, ஒன்றும் ஆகாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். பக்க விளைவும் கிடையாது.

டாக்டர்கள் இந்த வியாதியை முதலில் தேடிய இடம் இதயம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் பலர் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். பிலடெல்பியாவில் ஜேகப் மென்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் அப்படிப்பட்ட 300 பேரைப் பரிசோதித்து 1871-ல் எழுதிய கட்டுரையில் இதை ‘எரிச்சலுற்ற இதயம்’ என்றார். ஓய்வும், இதயத்துக்கான டிஜிட்டாலிஸும் கொடுத்தார். பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர்கள் சிலர் சிப்பாயின் முதுகுப் பை வாரையும் இறுக்கமான சட்டையையும் குற்றம் சொன்னார்கள். முதல் உலகப் போரில் அதே புகாரோடு ஆயிரக்கணக்கானவர்கள் வந்தபோது தாமஸ் லூயிஸ் என்ற இதய நிபுணர் வேறு மாதிரி யோசித்தார். இதயத்தில் பழுது இல்லாதவனைப் படுக்கையில் போட்டு வைத்தால் அவன் இன்னும் பயப்படுகிறான் என்று கண்டு, எழுப்பி நிற்க வைத்து, இன்றைக்கு இவ்வளவு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் என்று படிப்படியாகத் தேகப்பயிற்சி கொடுத்தார். பலர் வேலைக்குத் திரும்பினார்கள். மாத்திரை இல்லாத இந்த வைத்தியம் 1918-ல் அவர் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் மாதிரிக் கடைகளுக்கு அது வந்து சேரவே இல்லை. விற்க அதில் என்ன இருக்கிறது?

விற்கக்கூடியது வேறு வழியில் வந்தது. 1903-ல் ஜெர்மனியில் எமில் ஃபிஷரும் யோசஃப் ஃபான் மேரிங்கும் பார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொண்டுவந்தார்கள். வெரோனால் என்ற பெயரில் விற்பனை ஆனது. 1912-ல் பேயர் கம்பெனி பீனோபார்பிட்டாலைக் கொண்டுவந்தது. எங்கள் டிஸ்பென்சரியில் இது ‘கார்டினால்’ என்ற பெயரில், பூட்டுப் போட்ட அலமாரியில் இருக்கும். சாவி டாக்டரின் பூணூலில். வலிப்புக்கு நல்ல மருந்து, இன்றைக்கும் பயன்படுகிறது. படபடப்புக்கும் கேட்கும். ஆனால் தூங்க வைக்கிற அளவுக்கும் மூச்சை நிறுத்துகிற அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஊர் உலகத்தில் தற்கொலைகளுக்குப் பல பத்தாண்டுகள் இந்தக் குடும்பத்து மாத்திரைகள்தான் கைகொடுத்தன. 1962-ல் மர்லின் மன்றோ இறந்ததும் இவற்றால்தான்.

நம் நாட்டுச் சரக்கு ஒன்றும் நடுவில் உலகத்தைச் சுற்றிவிட்டு வந்தது. சர்ப்பகந்தி வேரை வைத்தியர்கள் பாம்புக்கடிக்கும் புத்தி பேதலிப்புக்கும் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் அது ரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் தணிப்பதை எழுதினார்கள். அதே சமயத்தில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திகி அந்த வேரிலிருந்து காரப்பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்குத் தன்னை ஆதரித்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரையே வைத்தார். பம்பாய் டாக்டர் ருஸ்தம் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதிய பிறகுதான் மேற்கே கவனித்தார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி ரெசர்பைனைப் பிரித்தது. கொஞ்ச காலம் மனநல மருத்துவமே அதன் பின்னால் போனது. ஆனால் சிலரை அது ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளியதாக அறிக்கைகள் வரத் தொடங்கின. அதைவிட நல்ல மருந்துகளும் வந்துவிட்டன. அந்த மாத்திரை பிரஷர்காரர்களின் அலமாரிக்கு இடம் மாறிப்போனது.

பெரிய வியாபாரம் தொடங்கியது 1955-ல். ஃபிராங்க் பெர்கர் செக்கோஸ்லோவாகியாவைச் சேர்ந்தவர்; நாஜிகளுக்குத் தப்பி இங்கிலாந்து வந்தவர். பெனிசிலின் கெடாமல் பாதுகாக்க ஒரு பொருள் தேடியபோது, அவர் சோதித்த ஒரு ரசாயனம் எலிகளைத் தூங்க வைக்காமலே சாந்தப்படுத்தியது. அமெரிக்கா போய் அதே வழியில் மெப்ரோபமேட்டைச் செய்தார். நியூ ஜெர்சியில் மில்டவுன் என்று ஒரு சின்ன ஊர். அதன் பெயரே மாத்திரைக்கு. ஹாலிவுட்டில் தொடங்கி நாடு முழுக்க இந்த மாத்திரை பறந்தது. மருந்துக்கடை வாசலில் ‘மில்டவுன் தீர்ந்துவிட்டது’, ‘மில்டவுன் நாளை வரும்’ என்று போர்டு மாட்டினார்களாம். கவலைக்கு மாத்திரை விழுங்குவது வெட்கப்படுகிற காரியம் இல்லை என்று ஆனது அப்போதுதான். பழக்கமாகாது என்றுதான் அதையும் விற்றார்கள். ஆனது.

அடுத்து வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர் மகன் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். லியோ ஸ்டெர்ன்பாக், போலந்து யூதர். ரோஷ் கம்பெனி அவரை 1941-ல் சுவிட்சர்லாந்திலிருந்து நியூ ஜெர்சியின் நட்லிக்கு அனுப்பியது. மில்டவுனுக்குப் போட்டியாக ஒன்று செய்யச் சொன்னார்கள். அவர் தன் மாணவப் பருவத்தில் கிராக்கோவில் கலந்து பார்த்த சாயப் பொருள்களைத் தோண்டி எடுத்து மாற்றிப் பார்த்தார். ஒன்றும் தேறவில்லை, வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். 1957-ல் மேசையைச் சுத்தம் செய்தபோது, சோதிக்காமல் விட்ட ஒரு குப்பியைக் கூட வேலை செய்தவர் எடுத்துக் காட்டினார். தூக்கிப் போடுமுன் ஒரு தடவை அனுப்பிப் பார்ப்போம் என்று அனுப்பினார்கள். எலியும் பூனையும் குரங்கும் விழித்துக்கொண்டே சாந்தமாக இருந்தன. 1960-ல் அது லிப்ரியம் ஆனது. 1963-ல் அதன் தம்பியான டயஸிபாம், வேலியம் என்ற பெயரில் வந்தது. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதப்பட்ட மருந்து அதுதான். 1978-ல் மட்டும் 200 கோடிக்கு மேல் மாத்திரைகள்.

நமக்கு அது ‘காம்போஸ்’. 1960களின் கடைசியில் ரான்பாக்சி டயஸிபாமை இந்தப் பெயரில் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தியதும் இந்தச் சின்ன மாத்திரைதான். புரோமைடு ஜாடி இரண்டே வருஷத்தில் அலமாரியின் அடித்தட்டுக்கு இறங்கியது. என் காகிதம் வெட்டும் வேலையும் மெல்லப் போனது. அட்டையில் வருகிற மாத்திரைக்குப் பல் எதற்கு? மாத்திரை நாக்கில் கரிக்கவில்லை, அரை மணி நேரத்தில் படபடப்பு அடங்கியது, பார்பிட்டாலைப் போல இல்லாமல், மொத்தமாக விழுங்கினாலும் தனியாக அதுவே உயிரை எடுப்பது அபூர்வம். மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் நரம்புகளின் ஓட்டத்தை அடக்கும் பிரேக். டயஸிபாம் அந்தப் பிரேக்கை மிதிக்கிற காலுக்குக் கூடுதல் பலம் கொடுக்கிறது, அவ்வளவுதான். பார்பிட்டால் தானே ஏறி மிதித்துவிடும். இந்தச் சூட்சுமம் 1977-க்குப் பிறகுதான் தெரிய வந்தது. எங்களுக்குத் தெரிந்தது, டாக்டர்கள் பிரஷருக்கும் வயிற்று வலிக்கும் முதுகுப் பிடிப்புக்கும் கூட ஒரு காம்போஸ் சேர்த்து எழுதினார்கள் என்பது.

மனநல டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று இப்போது கேட்கிறார்கள். போவதற்கு எங்கே இருந்தார்கள்? சென்னைக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் வேர் 1794 வரை போகிறது, அந்த இடத்துக்கு வந்தது 1871-ல். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு ‘கீழ்ப்பாக்கம்’ என்பது திட்டுவதற்கான சொல். நெஞ்சு படபடக்கிற குமாஸ்தாவோ கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணோ அந்தப் பெயர் உள்ள சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியுமா? அவர்கள் இதய டாக்டரிடம் போனார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ‘நார்மல்’ என்று வந்ததும் இன்னொரு இதய டாக்டரிடம் போனார்கள். கடைசியில் எங்களிடம் வந்தார்கள்.

நான் டி.பார்ம். முடித்துச் சொந்தமாக மெடிக்கல்ஸ் வைத்த பிறகு, 1990களில் அல்பிரசோலம் வந்தது. அமெரிக்காவில் 1981-ல் அறிமுகமான மருந்து. கடையில் யாரும் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “பாயிண்ட் டூ ஃபைவ் ஒரு அட்டை”, “பாயிண்ட் ஃபைவ் பத்து” என்பார்கள். டயஸிபாமைவிட வேகமாக அடக்கும். வேகமாக இறங்கியும் விடும். உடம்பைவிட்டுப் பாதி வெளியேறப் பதினோரு மணி நேரம் போலத்தான். டயஸிபாமும் அதன் மிச்சமும் நாள்கணக்கில் தங்கும். ஆகவே அடுத்த மாத்திரை நேரம் நெருங்கும்போதே படபடப்பு திரும்ப வரும். இது வியாதியா, மாத்திரை இறங்கியதால் வந்ததா என்று சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. ‘பாத்தீங்களா, மாத்திரை இல்லாம முடியல’ என்று முடிவு கட்டிவிடுவார்.

ஒரு டீச்சர். கணவர் மாரடைப்பில் போன துக்கத்தில் பதினைந்து நாளைக்கு என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. பதினைந்து நாள் வருஷங்களானது. இரவு ஒன்று என்பது மூன்று வேளை ஆனது. ஒரு பொங்கல் விடுமுறையில் வெளியூரில் மாத்திரை தீர்ந்து, இரண்டாம் நாள் கை நடுக்கம், வியர்வை, சத்தம் தாங்க முடியாமல் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த நிலையில் வலிப்பு வந்திருக்கவும் கூடும். அதற்குப் பிறகு தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தார். அந்த டாக்டர் செய்தது இரண்டே காரியம். அல்பிரசோலத்துக்குப் பதில் மெதுவாக இறங்கும் டயஸிபாம் கொடுத்து, அதைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். கூடவே வேறொரு வகை மாத்திரையும் பேச்சு சிகிச்சையும். டயஸிபாமில் 2 மி.கி. மாத்திரையை வாங்கி, அதையும் பிளேடால் பாதியாக்கி, பாதியைக் காலாக்கி, தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வார்.

“அண்ணே, இன்னிக்கு கால்லதான் ஓட்டினேன்” என்பார் கடைக்கு வந்து.

“தூக்கம்?”

“ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுச்சு. எந்திரிச்சு நோட்டு திருத்திட்டு இருந்தேன்.”

“அப்ப அவசரப்படாதீங்க டீச்சர். டாக்டர்கிட்ட கேட்டு இன்னும் ரெண்டு வாரம் இதே அளவுல நில்லுங்க.”

பள்ளிக்கூட வருஷம் முடிவதற்குள் விட்டுவிட்டார். இங்கிலாந்தில் நியூகாஸில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே கிளினிக் நடத்தி வகுத்த வழிதான் இது: நீண்ட நேரம் தங்கும் மருந்துக்கு மாற்று, மாதக்கணக்கில் குறை, வேகத்தை நோயாளியே தீர்மானிக்கட்டும். அதே நாட்டில் 1988-லேயே, இந்த மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு மேல் எழுதாதீர்கள் என்று மருந்துப் பாதுகாப்புக் குழு டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. நாங்கள் அட்டை அட்டையாக விற்கத் தொடங்கியது அதற்குப் பிறகு!

அந்த ‘வேறொரு வகை மாத்திரை’க்கு ஒரு கதை உண்டு. 1950களின் கடைசியில் நியூயார்க்கில் ஹில்சைடு ஆஸ்பத்திரியில் டொனால்ட் கிளைன் என்ற இளம் டாக்டர், புதிதாக வந்த இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மாத்திரையை, எதற்கும் மசியாத பதற்ற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சில வாரம் ஆயிற்று. நோயாளி, ‘ஒன்றும் குணமில்லை’ என்றார். டாக்டர்களுக்கும் மாற்றம் தெரியவில்லை. வார்டு நர்ஸ்கள்தான், ‘இவர் இப்போதெல்லாம் எங்களிடம் ஓடி வருவதில்லையே’ என்றார்கள். தினமும் மூன்று நாலு தடவை ‘சாகப்போகிறேன்’ என்று நர்ஸ் மேசைக்கு ஓடி வந்த ஆள். தாக்குதல் நின்றிருந்தது, ‘வந்துவிடுமோ’ என்ற கவலை மட்டும் மிச்சமிருந்தது. பீதித் தாக்குதலும் ஓயாத கவலையும் இரண்டு வேறு சங்கதிகள் என்ற எண்ணம் அங்கிருந்து வலுத்தது. 1980-ல் அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலில் தனித்தனியாக இடம் பிடித்தன.

இமிப்ரமினின் இன்றைய வாரிசுகள் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளூவாக்ஸிடின். பதற்றக் கோளாறுக்கு டாக்டர்கள் இன்று முதலில் எழுதுவது இவற்றைத்தான். கேட்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில நாளில் படபடப்பு கொஞ்சம் கூடவும் செய்யும். அதனால் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். இதை வாங்கிப் போகிறவர் நாலாம் நாள் அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, “இது வேலை செய்யல, அந்தச் சின்ன மாத்திரையே குடுங்க” என்பார். இதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்லித்தான் குறைக்க வேண்டும். ஆனால் அளவைக் கூட்டு கூட்டு என்று உடம்பு கேட்காது. மேடை ஏறுவதற்கு முன் கை நடுங்குகிறவர்களுக்கு டாக்டர் எழுதும் புரொப்ரனலால், இதய மருந்து. ஜேம்ஸ் பிளாக் கண்டுபிடித்து நோபல் வாங்கியது. படபடப்பை நிறுத்தும், பயத்தைத் தொடாது. ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

மாத்திரையே இல்லாத வழியும் இதே நூறு வருஷத்தில் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டே, முயல் கூண்டை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வந்தார். கடைசியில் குழந்தை முயலைத் தடவிக் கொடுத்தது. தென்னாப்பிரிக்க ராணுவ டாக்டராக இருந்த ஜோசப் வோல்ப், போர் அதிர்ச்சி சிப்பாய்களுக்கு மருந்து கேட்காததைப் பார்த்து, பூனைகளில் இதைச் சோதித்து, 1958-ல் புத்தகமாக எழுதினார்.

எனக்கு இந்த வரிசையில் பிடித்தவர் ஆஸ்திரேலியாவின் கிளேர் வீக்ஸ். பல்லி ஆராய்ச்சியில் சிட்னி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இளவயதில் அவருக்குக் காசநோய் என்று தப்பாகச் சொல்லி சானடோரியத்தில் போட்டார்கள். வெளியே வந்தபோது நெஞ்சு ஓயாமல் அடித்துக்கொண்டது. முதல் உலகப் போரில் இருந்து திரும்பிய ஒரு சிநேகிதர், ‘பதுங்குகுழியில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொண்டது, பயம்தான்’ என்று சாதாரணமாகச் சொன்னார். படபடப்பைக் கண்டு பயப்படுவதால்தான் படபடப்பு நிற்காமல் ஓடுகிறது என்று அவருக்கு உறைத்தது. பிறகு மருத்துவம் படித்து, 1962-ல் சாதாரண ஜனங்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார். வருகிறதை எதிர்கொள், ஏற்றுக்கொள், அதன் மேலேயே மித, நேரம் போகட்டும் என்பது அவர் சொன்ன மருந்து. பல்கலைக்கழக மனநல மருத்துவர்கள் அவரை மதிக்கவில்லை. 1986-ல் ஆக்ஸ்ஃபோர்டின் டேவிட் கிளார்க், உடம்பின் சாதாரண துடிப்பை ‘மாரடைப்பு’ என்று தப்பாக அர்த்தம் பண்ணிக்கொள்வதே பீதியை ஏற்றுகிறது என்று விளக்கினார். அவர் வழியில், ஆலோசகர் அறைக்குள் நோயாளியை வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் சொல்வார். தலை சுற்றும், விரல் மரக்கும், நெஞ்சு அடிக்கும். ‘இதுதானே அன்றைக்கு பஸ்ஸில் வந்தது?’ என்று கேட்பார்.

இப்போது கடை என் மகன் கையில். 2014 மார்ச் முதல் அல்பிரசோலமும் டயஸிபாமும் ‘எச்-1’ பட்டியலில். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை. டாக்டர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனி ரிஜிஸ்தரில் ஏற்றி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். அந்த ரிஜிஸ்தருக்காகவே எங்களோடு சண்டை போட்டு, கடை மாறிப் போனவர்கள் உண்டு. வழிகளும் முன்னைவிடப் பரவாயில்லை. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது பக்கத்துத் திருச்சியில், 1990களில்; இப்போது எல்லா மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரியிலும் மனநல ஓ.பி. உண்டு, ஃபுளூவாக்ஸிடின் காசில்லாமல் கிடைக்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம். ஆனாலும் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015–16-ல் எடுத்த கணக்குப்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற தொல்லை உள்ள நூறு பேரில் எண்பத்தைந்து பேர் சிகிச்சைக்கு வெளியேதான் இருந்தார்கள். நெஞ்சு படபடப்பு என்று வருகிறவரிடம் மகன் சொல்வது, முதலில் ஒரு ஈ.சி.ஜி., ரத்தத்தில் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், எல்லாம் சரி என்றால் மூன்றாவது இதய டாக்டரைத் தேடாமல் மனநல ஓ.பி.க்குப் போங்கள் என்பதுதான். பாதிப் பேர் கோபித்துக்கொள்கிறார்கள்.

கோபித்துக்கொண்டு போன பையன் ஒருவன், தஞ்சாவூரில் ஜவுளிக்கடை வேலை. பாபநாசம் தாண்டி பஸ்ஸில் வைத்து முதல் தாக்குதல் வந்து, இறங்கி ஓடி, அதற்கப்புறம் பஸ்ஸே ஏறாமல் வேலையையும் விட்டவன். கடைசியில் ஓ.பி.க்குப் போனான். மாத்திரையோடு ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். முதல் வாரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்கிற பஸ்ஸில் உட்கார்ந்து இறங்குவது. அப்புறம் தாராசுரம் வரை. அப்புறம் சுந்தரப்பெருமாள் கோயில். படபடத்தால் நடுவில் இறங்கக் கூடாது. அடங்குகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும். பாபநாசத்தில் மட்டும் பல நாள் சிக்கிக்கொண்டான். அய்யம்பேட்டை, தஞ்சாவூர் பிறகு சுலபமாகவே வந்தது. இப்போது அதே ஜவுளிக்கடைக்குத் தினமும் போய் வருகிறான். போன வாரம் இருமல் மருந்து வாங்க வந்தவனிடம், சுத்தமாக நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

“எப்பவாச்சும் வரும் தாத்தா. வந்தா வரட்டும்னு ஜன்னலோரமா உக்காந்திருப்பேன். அய்யம்பேட்டை வர்றதுக்குள்ள போயிடும்.”